ஊற்று அட்டையும் குஷிரோ மாற்றலும்

முதல் கையிலேயே குசுமிக்கு, வேண்டாம் வேண்டாம் என்றிருந்த ஊற்று அட்டை வந்துவிட்டது.

ஊற்றைச் சீக்கிரம் மேசையில் இறக்கினால் ஒவ்வொரு முறையும் ஒரு சொட்டு சக்தி கூடுதலாகச் சுரக்கும். எதிராளியை முந்திக்கொண்டு பெரிய மிருகங்களை அழைக்கலாம். சனிக்கிழமைதோறும் இந்த மிருகச் சீட்டாட்டம் நடக்கிற நகோயாவின் அந்தச் சீட்டுக் கடைக்கு வருகிற எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் எதிரே உட்கார்ந்திருந்தவர் அவனுடைய மேலாளர் மகாபே. வசந்தத்தில், வடகோடியில் பனி கொட்டுகிற குஷிரோ கிளைக்கு ஒருவரை மாற்றப்போகிறார்கள். ஆளைப் பொறுக்குவது அவர்தான். குசுமியின் மனைவி இகுகோ போன மாதம்தான் இங்கே முடிதிருத்தும் கடை திறந்திருந்தாள். அவளை விட்டுவிட்டு அந்தப் பனியில் ஒண்டியாகக் கிடப்பதை நினைத்தாலே அவனுக்கு அழுகை வந்தது. கோல்ஃபில் எல்லாரும் மேலாளரிடம் தோற்றுக் கொடுக்கிறார்கள். இதிலும் தோற்றால் நல்ல பெயர் எடுக்கலாம்.

ஊற்றைக் கையிலேயே அமுக்கி வைத்துக்கொண்டான். மகாபேயோ தம்முடைய ஊற்றை ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் இறக்கினார். அது சுரப்பதற்குள் குசுமி இறக்கியிருந்த இரண்டு சின்ன நண்டு அட்டைகளே அவரை முடித்துவிட்டன.

“நல்லாத்தான் ஆடுற,” என்றார் மகாபே.

அந்தக் குரல் குசுமிக்குப் பிடிக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை மிருகங்களையெல்லாம் கழற்றிவிட்டு வெறும் ஊற்றுகளாகவே சீட்டுக்கட்டைச் சேர்த்து எடுத்துவந்தான். ஒரு மிருகமாவது இருக்க வேண்டும் என்பது விதி. அதற்கு, எக்கச்சக்கமாகச் சக்தி கேட்கிற கிழட்டு டிராகனைச் சேர்த்தான். அதை யாராலும் அழைக்க முடிந்ததில்லை.

ஊற்றுகள் சுரந்து தள்ளின. மகாபே, எதிராளியின் கையைப் பார்க்க உரிமை தருகிற ஓர் அட்டையைப் போட்டு, குசுமியின் சீட்டுகளைக் காட்டச் சொன்னார்.

“டிராகன் இருக்கு. சக்தியும் கொட்டிக் கிடக்கு. என்ன யோசனை?”

“பாவமா இருக்கு சார்.”

“யாரைப் பார்த்து?”

குசுமி டிராகனை இறக்கினான். ஒரே அடியில் ஆட்டம் முடிந்து, மறுபடியும் அவனே ஜெயித்துவிட்டான்.

மூன்றாம் சனிக்கிழமை டிராகனை வீட்டில் வைத்துவிட்டு ஒரு சுண்டெலியோடு வந்தான். ஒருவழியாகத் தோற்றான். டிராகன் இருந்த இடத்துக்கு வந்திருந்த அந்தச் சுண்டெலியை மகாபே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தம் அட்டைகளை அடுக்கிக்கொண்டு கிளம்பிப் போனார்.

குசுமிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அங்கேயே சோடா வாங்கப் போனவன், சீட்டுக் கடைக்காரி ரிட்சுகோவிடம் தான் தோற்ற சாமர்த்தியத்தை ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தான்.

அவள் சோடாவைத் திறக்காமலே நின்றாள். “என்னங்க இப்படிப் பண்ணிட்டீங்க? ‘குசுமியை மட்டும் குஷிரோவுக்கு அனுப்ப மாட்டேன், ஆபீஸ்லயே எனக்கு விட்டுக்கொடுக்காம ஆடுற ஒரே ஆளு’ன்னு போன வாரம்தானே மகாபே சார் என்கிட்ட சொல்லிட்டுப் போனாரு.”