பச்சைச் சேலைக்குச் செய்த சத்தியம்

பெண் பார்க்கப் போய், பெண்ணைப் பார்க்காமலே சம்மதம் சொல்லிவிட்டு வந்த ஆள் நான். பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள். கண் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. விருதுநகரில் ஒரு கிரில் பட்டறையில் வெல்டர். அதற்குமுன் இரண்டு இடங்களில் என்னை வேண்டாம் என்றிருந்தார்கள். மூன்றாவது இடம் விஸ்வநத்தம். பெண் பெயர் மாரீஸ்வரி. பட்டாசு கம்பெனியில் வேலை. இதுவும் தட்டிப்போனால் இனி ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு அலைய மாட்டேன் என்று அம்மா கறாராகச் சொல்லியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை போக வேண்டும். காலையில் சலூனில் ஃபேசியல் செய்துகொண்டேன் (சலூன்காரரே அசந்துபோனார் என்றுதான் இன்றுவரை நம்புகிறேன்). அப்படியே வீட்டுக்குப் போயிருந்தால் தப்பித்திருப்பேன். அவசரமாக ஒரு கேட் ஆர்டர் என்று முதலாளி கூப்பிட்டார். வெல்டிங் கண்ணாடி போட்டால் மூக்கில் தடம் விழும், மாலைக்குள் மறையாது. எனவே கண்ணாடியை ஆணியில் மாட்டிவிட்டு, பொறி பறக்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்வது என்று முடிவுசெய்தேன். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

வெல்டிங் வெளிச்சம் உடனே வேலையைக் காட்டாது. சில மணி நேரம் கழித்துத்தான் காட்டும். விஸ்வநத்தத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது, விருதுநகர் கிட்டங்கியில் அடுக்கிய மிளகாய் வத்தல் மூட்டை முழுவதையும் கண்ணுக்குள் இறக்கிவைத்ததுபோல் எரிந்தது. தாரை தாரையாகக் கண்ணீர். மனிதர்கள் கலர் கலரான நிழல்களாகத் தெரிந்தார்கள்.

அம்மா என் கையைப் பிடித்து அழைத்துப்போய் உட்காரவைத்தாள். காப்பி டம்ளர் என்று நினைத்து நான் பெண்ணின் அப்பாவுடைய கட்டைவிரலைப் பிடித்தேன்.

"ஏன் தம்பி அழுறீக?" என்றார் அவர்.

"எம்மவனுக்கு இளகின மனசு. செத்துப்போன அவுக அப்பா நெனப்பு வந்துருச்சு" என்று அம்மா சமாளித்தாள். சொன்ன வேகத்தில் அவளுக்கே அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

அப்போது ஒரு இளம்பெண்ணின் குரல் கேட்டது. "இது அழுகை இல்ல. வெல்டிங் அடிச்ச கண்ணு. எங்க தெரு முக்குல பட்டறை இருக்கு, எனக்குத் தெரியும். கண்ணாடி போடலையா?"

"மூக்குல தடம் விழும்னு..." என்று இழுத்தேன்.

"எங்கப்பாவுக்கு ஒத்தக் கண்ணுதான். கம்பெனியில வெடிமருந்து தெறிச்சுப் போயிருச்சு. அந்த ஒரு கண்ணுக்கு நாங்க அழுததே போதும். கண்ணைப் பத்தி அக்கறை இல்லாத ஆளு எனக்கு வேணாம்."

கதை முடிந்தது என்று நினைத்தேன். அவள் முகம்கூடத் தெரியாது. ஆனாலும் இந்தக் குரலை விட்டுவிட்டு ஊர் திரும்ப எனக்கு மனமில்லை. எழுந்தேன். எதிரே பச்சைச் சேலை தெரிந்தது. அதைப் பார்த்துக் கும்பிட்டு, "சத்தியமா இனிமே கண்ணாடி இல்லாம வெல்டிங் ராடைத் தொட மாட்டேன். உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு" என்றேன்.

பச்சைச் சேலை சொன்னது: "மாப்ள, நான் பொண்ணோட அம்மா."

முதலில் சிரித்தவர் மாமனார்தான். சிரிப்பு அடங்கியபின் வலதுபக்கமிருந்து அந்தக் குரல் மெதுவாகச் சொன்னது: "கண்ணாடி போடுவீகன்னா எனக்குச் சம்மதம்."

அடுத்த மாதமே கல்யாணம். நடுவில் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றால் வெட்கம் விடவில்லை. எங்கள் கல்யாண சிடியில் இன்றும் பார்க்கலாம்: தாலியைக் கையில் வைத்துக்கொண்டு, கட்டாமல், வாய் பிளந்து அவளையே பார்த்தபடி நிற்கிறேன். கெட்டிமேளம் அதுபாட்டுக்கு முழங்குகிறது. அதையும் மீறி மாமியார் குரல்: "இன்னைக்காவது பொண்ணைப் பாத்துக்கிட்டீகளா மாப்ள?"

பொங்கல், தீபாவளி என்று எல்லாரும் கூடும்போதெல்லாம் அந்த சிடி ஓடும். அந்த இடம் வந்ததும் வீடே விழுந்து விழுந்து சிரிக்கும். மாரீஸ்வரி மட்டும் சிரிப்பதில்லை. "அந்த எடத்தை இன்னொரு தரம் போடுடி" என்பாள் மகளிடம்.