பேஸ் போட்டோ கேட்ட தந்தி

கோரமண்டல், கோலார் தங்கவயல்
1903 ஆகஸ்டு, ஒரு மழை நாள்

இராணிப்பேட்டையில் இருக்கும் மகாகனம் பொருந்திய சித்தப்பா ஏசுபாதம் அவர்களுக்கு, கர்த்தருக்குள் ஆர்தர் எழுதுவது. நான் இங்கே சுகம். தங்கள் சுகத்துக்காகவும் சித்தியின் முழங்காலுக்காகவும் ஜெபிக்கிறேன். நிற்க.

தங்கள் கோபக் கடிதம் கிடைத்தது. "பெண் வீட்டாருக்கு மாப்பிள்ளை படத்துக்குப் பதில் பாறாங்கல்லை அனுப்பினாயே, மடையா" என்று கேட்டிருக்கிறீர்கள். நடந்ததைச் சொல்கிறேன், தப்பு யாருடையது என்று நீங்களே முடிவு செய்யுங்கள். உங்களுடையதுதான்.

வேலூரில் உபாத்தியாயினியாக இருக்கும் ஜெயசீலியின் படத்தை நீங்கள் அனுப்பினபோது, "பெண் லட்சணமாயிருக்கிறாள், பின்னால் நிற்கிற சுவர் அதைவிட லட்சணம், ஈரம் ஏறி, சுண்ணாம்பு ஏடு ஏடாய் உரிந்து, நடுவில் ஆறு மாதிரி ஒரு விரிசல்" என்று உள்ளதை எழுதினேன். அதை அவள் அப்பாவுக்கு அப்படியே படித்துக் காட்டச் சொன்னது யார்? பிறகு எனக்கு ஒரு வசவுக் கடிதம்: "துரு, பாசி, செல்லரித்த கட்டை என்று படம் பிடித்துத் திரிகிறவனுக்கு எவன் பெண் கொடுப்பான்?" சரி என்று வாயை மூடிக்கொண்டேன். திடீரென்று இங்கிலீஷில் தந்தி வருகிறது: "சென்ட் பேஸ் போட்டோ அட் ஒன்ஸ்." சித்தப்பா, இந்த ஊரில் பேஸ் என்றால் மூஞ்சி இல்லை. சுரங்கப்பாதை எங்கே போய் முட்டி நிற்கிறதோ, ஆட்கள் எங்கே துளை போட்டு வேட்டு வைக்கிறார்களோ, அந்தப் பாறைக்குப் பெயர் பேஸ். சர்வே ஆபீசில் நாள் முழுக்க நான் கேட்கிற வார்த்தை அது. ஆகா, சித்தப்பாவுக்குக் கண் திறந்துவிட்டது என்று எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. காமிராவையும், படம் பிடிக்க மிச்சமிருந்த ஒரே கண்ணாடித் தகட்டையும் எடுத்துக்கொண்டு, பாதை சரியாமல் முட்டுக்கட்டை வைக்கிற வேலுவையும் இழுத்துக்கொண்டு, கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறிக் கீழே போனேன்.

வழியில் கைவிட்ட பழைய பாதை ஒன்று. மக்கின கட்டைகளிலிருந்து வெள்ளைப் பூஞ்சணம் திரை திரையாய்த் தொங்குகிறது. மூச்சு விட்டால் அசைகிறது. சூரியனே பார்க்காத இடத்தில் யாருக்காக இத்தனை வெண்மை? இரும்புக் குழாயில் துரு பூத்து, கை வைத்தால் இதழ் இதழாய் உதிர்கிறது. பேஸுக்குப் போய், படத்துக்கு வெளிச்சம் வேண்டுமென்று மக்னீசிய நாடாவைக் கொளுத்தினேன். கரும்பாறை நடுவே வெள்ளைக்கல் ரேகை, அதன்மேல் மெழுகுவத்திப் புகை, புகையைக் கீறிக்கொண்டு வழிகிற தண்ணீர். உலகம் உண்டான நாளில் இழுத்த கோடு, சித்தப்பா. இன்றைக்குத்தான் வெளிச்சம் பார்க்கிறது. அடுத்த ஷிப்டில் வேட்டு வைத்தால் தூள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். வேலுவுக்குப் பொறுக்கவில்லை.

"இன்னா சாமி, பொண்ணு பாக்க வந்தவராட்டம் நின்னுக்கினே கீறீங்க? புடிச்சிருந்தா தட்ட மாத்துங்க, எனக்குப் பசிக்குது."

"மெழுகுவத்தியை ஆட்டாதே."

"நானா ஆட்றேன்? மேல வேட்டுப் போட்டா மலையே ஆடுது. ஆமா, இத்த யாருக்கு அனுப்பப் போறீங்க?"

"என் சித்தப்பா கேட்டார்."

"கல்லையா? அப்போ உங்க வம்சமே இப்டித்தானா!"

படம் அற்புதமாய் விழுந்தது. அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் நீங்கள் அப்படியே வேலூருக்கு அனுப்பினால் நான் என்ன செய்ய? இப்போது மன்னிப்புக் கேள், கோட்டு மாட்டி நாற்காலியில் உட்கார்ந்து படம் எடுத்து அனுப்பு என்கிறீர்கள். முடியாது. என் மூஞ்சியில் என்ன இருக்கிறது? இரண்டு கண், ஒரு மூக்கு. அதற்கு ஒரு தகடு தண்டம். அந்தப் பாறையைப் பார்த்து முகம் சுளிக்கிற வீட்டில் எனக்குக் காலம் தள்ள வராது. சம்பந்தத்தை நிறுத்திவிடுங்கள். ஜெயசீலி படத்தை மட்டும் திருப்பிக் கேட்காதீர்கள்; மேசைமேல் வைத்திருக்கிறேன். சுவருக்காக.

சித்திக்கும் பிள்ளைகளுக்கும் ஸ்தோத்திரம். கர்த்தர் தங்களுக்கு நீடித்த ஆயுளையும், பார்சலைப் பிரித்துப் பார்க்கிற பொறுமையையும் அருளுவாராக.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள மகன்,
ஆர்தர்

பி.கு.: உறையை ஒட்டப்போகையில் தபால் வந்தது. அவள் அப்பா பாறைப் படத்தைத் திருப்பியனுப்பியிருக்கிறார். பின்பக்கத்தைப் புரட்டிப் பார்க்கவில்லை போலிருக்கிறது; பென்சிலால் ஜெயசீலி எழுதியிருக்கிறாள்: "எங்கள் சுவரின் விரிசலைச் சிறுவயது முதல் நான் பார்த்து வருகிறேன். இன்னொருவரும் அதைப் பார்ப்பார் என்று நினைத்ததில்லை. இதை அப்பா கல் என்கிறார். எனக்குப் பார்க்கப் பார்க்கப் பயமாகவும் சந்தோஷமாகவும் இருக்கிறது. ஓரத்தில் மெழுகுவத்தி பிடித்திருக்கும் கை தங்களுடையதுதானே? நல்ல கை." சித்தப்பா, மேலே எழுதினதையெல்லாம் அடித்துவிடுங்கள். சம்பந்தத்தை நிறுத்தாதீர்கள். அவள் அப்பாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகவே சொல்லுங்கள். கை வேலுவுடையது. அதை அவளுக்கு உடனே எழுதிவிட்டேன்; வேலுவுக்குச் சொல்லவில்லை, சொன்னால் அவனைப் பிடிக்க முடியாது. பெங்களூரிலிருந்து தகடு வந்ததும், கோட்டு மாட்டி, நாற்காலியில் உட்கார்ந்து, நீங்கள் கேட்ட பேஸ் போட்டோ வரும். இரண்டு கையும் நன்றாய்த் தெரியும்படி.