சோறில்லாத விரதம்

அன்று எனக்கு இருந்த வேலை ஒன்றுதான். உரும்பிராயிலிருந்து பண்டத்தரிப்புக்குப் போய், தங்கச்சியின் கலியாணத்துக்கு நாள் குறித்துக்கொண்டு வருவது.

அப்பா இல்லை, வீட்டுக்கு மூத்தவன் நான். தங்கச்சிக்கு ஏற்கனவே மூன்று சம்பந்தம் குழம்பியிருந்தது. இது நாலாவது.

ஆனால் அப்போது நான் சோற்றை விட்டுப் பன்னிரண்டு நாள்.

"சோறு, பிட்டு, கிழங்கு, சீனி, பழம் ஒண்டும் தொடாதையும். முட்டை, மீன், நெய் வேண்டியமட்டும் தின்னும். கொழுப்பைக் கொழுப்பே கரைக்கும்" என்று என் வயிற்றைப் பார்த்த டொக்குத்தர் சொல்லியிருந்தார். வேட்டி ஒரு விரல் தளர்ந்திருந்தது. அந்த ஒரு விரலுக்கு என் திமிர் ஒரு முழம் ஏறியிருந்தது.

"இஞ்சாருங்கோ, போற இடத்திலை உந்தக் கூத்தை விட்டிட்டு ஒரு பிடி சாப்பிடுங்கோ" என்றாள் மனைவி.

"உனக்கு விஞ்ஞானம் விளங்காது" என்றேன்.

விஞ்ஞானியான நான், அவித்த முட்டை ஒன்றை அவளுக்குத் தெரியாமல் மடியில் செருகிக்கொண்டு வண்டி ஏறினேன். அன்று வெள்ளிக்கிழமை, மச்சம் ஆகாத நாள்!

மாப்பிள்ளை வீட்டில் பேச்சு நன்றாகவே போனது. பிறகு இலை போட்டார்கள். சம்பந்தம் பேசப் போன வீட்டில் கை நனைத்தால் சம்மதம்; நனைக்காமல் எழும்பினால் முறிவு. இது எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் சோறு வந்ததும் இலையைக் கையால் மூடினேன்.

மாப்பிள்ளையின் தகப்பன் முகம் கறுத்தது. "என்ன தம்பி, எங்கடை வீட்டிலை கை நனைக்க மனமில்லையோ?"

"ஐயோ, அப்பிடி இல்லை ஐயா."

"பின்னை, ஏதும் வருத்தமோ?"

கதவுக்குப் பின்னாலிருந்து தாய்க்காரி கேட்டா: "சலரோகமோ, சீனி வருத்தம்? உது குடும்பத்திலை ஓடுமாமே!"

டொக்குத்தர் என்று வாய் திறந்தால் தங்கச்சிக்கும் சலரோகம் வந்துவிடும். தங்கச்சி நன்றாகப் படித்தவள், தேவாரம் பாடினால் தெருவே நிற்கும். அதையெல்லாம் அவர்கள் கேட்கவில்லை. என் வயிற்றைத்தான் விசாரித்தார்கள்!

"விரதம்" என்றேன்.

"வெள்ளி விரதகாரர் மத்தியானம் சோறு சாப்பிடுறவைதானே?"

"இது வேறை. சோறில்லாத விரதம்."

"அப்ப பாலும் பழமும் தரட்டோ?"

"பழமும் ஆகாது."

"என்னதான் ஆகும்?"

"நெய்."

ஒரு கிண்ணம் நெய் வந்தது. எல்லாரும் பார்த்திருக்கக் குடித்தேன்.

"நெய்யிலை விளக்கெரிச்சுக் கண்டிருக்கிறன்," என்றார் தகப்பன். "ஆள் குடிச்சு இண்டைக்குத்தான் காணுறன்."

வாய் கழுவ அவசரமாக எழும்பினேன். பன்னிரண்டு நாளாய் மெலிந்த இடுப்பு என்னைக் காட்டிக்கொடுத்தது. மடி தளர்ந்து முட்டை விழுந்தது. விழுந்த இடத்தில் கிடந்திருக்கலாம். உருண்டு போய் அவர் காலடியில் நின்றது.

"உது என்ன?"

"முட்டை."

"எந்தக் கோயில் விரதம் தம்பி உது?"

உள்ளதைச் சொன்னேன். வருத்தம் ஒன்றுமில்லை, மெலியத்தான் என்று.

கதவுக்குப் பின்னால் சிரிப்பு. "மெலியவோ? சோறில்லாத சனம் மெலியுது, கண்டிருக்கிறன். சோறிருக்கிறவையும் மெலியவோ? வருத்தமில்லையெண்டால் சாப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கோ!"

முட்டையை ஈர்க்கு விளக்குமாற்றால் தள்ளிவிட்டு, நிலத்துக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்து, புது இலை போட்டார்கள்.

முதல் குவியல் சோறு பருப்போடு. இரண்டாவது சாம்பாரோடு. மூன்றாவதைத் தாய்க்காரியே வெளியில் வந்து போட்டா. உருளைக்கிழங்குப் பிரட்டல், வாழைப்பழம், இரண்டு கிண்ணம் பாயசம். நான் சாப்பிடவில்லை, எங்கள் பரம்பரைக்குச் சாட்சி சொன்னேன். ஏற்கனவே குடித்த நெய் உள்ளே நின்று குறுக்கு விசாரணை செய்தது.

வயிறு முட்டி நான் ஏவறை விட்டதும் தகப்பன் பஞ்சாங்கத்தை எடுத்தார்.

"ஆவணியிலை நாள் இருக்குது, தம்பி."

வீட்டுக்கு வந்து விழுந்தவன் இரண்டு நாள் எழும்பவில்லை. மனைவி கொத்தமல்லி அவித்துத் தந்தாள். விஞ்ஞானத்தைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. அது கேட்பதைவிட மோசம்.

தங்கச்சி கலியாணம் குறித்த நாளில் நடந்தது.

ஒன்று படித்தேன்: எங்கள் ஊரில் ஒருவன் மெலிய வேண்டுமானால், முதலில் வீட்டுப் பெண்களையெல்லாம் கட்டிக்கொடுத்து முடித்துவிட வேண்டும்.