ஜம்போ ஃப்ரெட்டும் ஊரப்பாக்கத்து வரனும்

எங்கள் வீட்டில் எதையும் சரியான அளவில் வாங்கிய சரித்திரமே கிடையாது. "ஒரு சைஸ் பெருசாவே குடுங்க, வளர்ற புள்ள" என்று அம்மா கடைக்குக் கடை சொல்லியதில், ஷூவுக்குள் பஞ்சை அடைத்துக்கொண்டே பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவன் நான். (கால் வளரவே இல்லை. ஷூதான் வருஷா வருஷம் வளர்ந்தது.)

சிறுசேரியில் வேலை கிடைத்ததும் பழைய கிடார் ஒன்று வாங்கினேன். நாலு வருஷத்தில் தேறியது ஒன்றரைப் பாட்டு. அந்த நேரம் பார்த்து ஊரப்பாக்கத்திலிருந்து வரன் வந்தது. காயத்ரி, கணக்கு டீச்சர், வீணை வாசிப்பாள். போனில் மூன்று தடவை பேசியதிலேயே, கட்டினால் இவளைத்தான் என்று முடிவு செய்துவிட்டேன். "ஞாயித்துக்கிழமை வரும்போது கிடாரையும் எடுத்துட்டு வாங்களேன்" என்றாள். "ஓ, தாராளமா!" என்றேன். (வாய்க்கென்ன, அது பாட்டுக்குச் சொல்லிவிடும்.)

என் வாசிப்பு சகிக்காததற்குக் காரணம் நானாக இருக்க முடியாதே! கிடார் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் ஃப்ரெட்டுகள் தேய்ந்துவிட்டன, அதுதான் என்று தாம்பரத்தில் ரிப்பேர் பார்க்கும் செல்வம் அண்ணாவிடம் ஓடினேன். அவர் மெல்லிசு, மீடியம், ஜம்போ என்று மூன்று அளவு ஃப்ரெட்டை எடுத்து வைத்தார்.

"எது பெருசோ அது" என்றேன்.

"கொஞ்சம் வாசி சார்."

வாசித்தேன். அவர் முகம் கோணியது. "நீ எங்க சார் வாசிக்கிற, கழுத்த நெரிச்சுகினு கீற. உசரமான ஃப்ரெட்டு மேல இப்படி அமுக்குனா சுருதி எகிறிடும். உன் கைக்கு மீடியம்தான். ஜம்போ போட்டா பேஜாராயிடும்."

"பரவால்லண்ணா, போகப் போகக் கை வளர்ந்துடும்." என் வாயிலிருந்து அம்மா பேசினாள்.

ஞாயிற்றுக்கிழமை. சொஜ்ஜி, பஜ்ஜி. "எங்க காலத்துல பொண்ணைத்தான் பாடச் சொல்வாங்க. இன்னிக்கு நீங்க, தம்பி!" என்றார் காயத்ரியின் அப்பா. விரல் வைக்காமல் மீட்டியவரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பயத்தில் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு அமுக்கினேன் பாருங்கள், ஒவ்வொரு தந்தியும் ஒவ்வொரு சுருதியில் அலறியது. அவள் மாமா பஜ்ஜியை வாய்க்குக் கொண்டுபோகாமல் பாதியில் நிறுத்திவிட்டார்.

"ஏசி காத்து கிடாருக்கு ஒத்துக்கல போல" என்றாள் அம்மா. (அங்கே ஓடிக்கொண்டிருந்தது ஃபேன்.)

காயத்ரி எழுந்து வந்து கிடாரை வாங்கிப் பார்த்தாள். "இதென்னங்க, ஃப்ரெட்டு வீணையில பித்தளை மெட்டு வெச்ச மாதிரி இவ்ளோ உசரம்? அழுத்தினா சுருதி ஏறத்தானே செய்யும்? கடைக்காரர் ஏமாத்திட்டாரா?"

ஆமாம் என்றால் தப்பித்திருக்கலாம். செல்வம் அண்ணாவா சாட்சிக்கு வரப்போகிறார்? ஆனால் அவள் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வரவில்லை. "இல்லீங்க, அவர் மீடியம்தான் சொன்னார். நான்தான் ஒரு சைஸ் பெருசா... போகப் போக வளர்ந்துடுவேன்னு..."

சிரித்தாள். நிற்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தாள். அவ்வளவுதான், வரன் போச்சு என்று மின்சார ரயிலில் கிடாரை மடியில் வைத்துக்கொண்டு, அழாத குறையாக வீடு வந்து சேர்ந்தேன்.

சாயங்காலம் போன் வந்தது. "நீங்க வளரவெல்லாம் வேணாம்" என்றாள் காயத்ரி. "இந்த சைஸே எனக்குப் போதும்."

அந்தக் கிடாரை இப்போது அவள்தான் வாசிக்கிறாள், ஜம்போ ஃப்ரெட்டிலேயே, என் வயிறு எரியும்படி.

போன வாரம் எங்கள் மகளுக்கு ஷூ வாங்கக் குடும்பத்தோடு போயிருந்தோம். "ஒரு சைஸ் பெருசாவே குடுங்க" என்று அம்மா ஆரம்பித்தாள். நான், காயத்ரி, மகள் மூவரும் ஒரே குரலில் "ஜம்போ!" என்று கத்தினோம்.

கடைக்காரர் பாவம், அதைவிடப் பெரிதாக ஒன்று தேடி உள்ளே போய்விட்டார்.