பெரியம்மாவின் பஸ் பாஸ்

நான் எழுதி அச்சேறியது இதுவரை ஒரே ஒரு பக்கம்தான். அதை வரிக்கு வரி நம்பிய ஒரே வாசகனும் நான்தான். அந்த நம்பிக்கையால் என் திருமணமே நின்றுபோக இருந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

சமூகப்பணியில் முதுகலை முடித்து, ஆஸ்டின் டவுனில் ஒரு சிறு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்த புதிது. செல்போன் செயலிகளில் கடன் வாங்கித் தவித்தவர்களுக்காக, ‘கடன் வசூலிக்க வருபவரிடம் பேசும் முறை’ என்றொரு துண்டறிக்கை தயாரிக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு சொல்லின் பின்விளைவையும் எடைபோட்டு ஏழு விதிகள் எழுதினேன். (விதிக்கு மூன்று நாள். மேலாளர் பொறுமைசாலி.) அடையாள அட்டை கேட்க வேண்டும், அனுப்பியவரின் அதிகாரக் கடிதம் கேட்க வேண்டும் என்பவை முதல் விதிகள். சம்பளம், சேமிப்பு, குடும்ப விவரம் எதையும் சொல்லத் தேவையில்லை என்பது நான்காம் விதி. ஏழாவது முழுக்க என் சொந்தக் கண்டுபிடிப்பு: ‘தண்ணீர் கொடுக்கலாம், காபி கொடுத்தால் பேச்சு நீளும்.’

விதிகளைச் சோதிக்கும் வாய்ப்பை என் அறைத்தோழன் பிரகாஷ் ஏற்படுத்திக் கொடுத்தான். தவணையில் ஒரு செல்போன் வாங்கி, தொடர்புக்கு என் எண்ணை எழுதிவிட்டு, ஹெப்பகோடிக்குக் குடிபோனவன் தன் எண்ணையும் மாற்றிக்கொண்டான். அன்றுமுதல் எனக்கு அழைப்புகள்.

“பிரகாஷ் இல்லேன்னா நீங்க கட்டுங்க சார். உங்க சம்பளம் எவ்ளோ? வேற லோன் இருக்கா? சரி, சனிக்கிழமை நேர்ல ஆள் வரும்.”

வரட்டும் என்று காத்திருந்தேன்.

அதே வாரம் ஞாயிற்றுக்கிழமை ஜீவனஹள்ளியிலிருந்து பெண் வீட்டார் வருவதாக இருந்தது. வசந்தியை ஓர் உறவினர் வீட்டு விசேஷத்தில் பத்து நிமிடம் சந்தித்திருந்தேன். பந்தியில் அவசரமாகப் பாயசம் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்ட என்னிடம், அவள் சிரிக்காமல் தண்ணீரை நகர்த்தி வைத்தாள். அந்த நொடியில் என் தரப்பில் முடிவாகிவிட்டது. அவர்கள் தரப்பில் முடிவாவதற்காகப் புதுக் கோப்பைகளும் ஒரு கிலோ மைசூர்பாகும் வாங்கி வைத்தேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அழைப்புமணி ஒலித்தது. விதிப்படி கைப்பேசியை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்தேன். அறுபது வயதுப் பெண்மணி. பருத்திப் புடவை, மூக்குக் கண்ணாடி, குடை, துணிப்பை.

“சரவணன் வீடு இதானே? ஒங்களப் பத்திக் கொஞ்சம் விசாரிக்கணும் தம்பி.”

வசூலுக்கு வயதானவர்களையும் அனுப்பி மனத்தை இளக்குவார்கள் என்று துண்டறிக்கையில் நானே எச்சரித்திருந்தேன். இளகவில்லை.

“அடையாள அட்டை இருக்கிறதா அம்மா?”

“எதுக்குப்பா?”

“விதி அம்மா.”

அவர் பையைத் துழாவி மூத்த குடிமக்களுக்கான பஸ் பாஸை எடுத்து நீட்டினார். எண்ணை நோட்டில் குறித்துக்கொண்டேன். (வந்த நேரத்தையும்.)

“உங்களை அனுப்பியவர்களின் கடிதம்?”

“என்னை யாருப்பா அனுப்பணும்? நானேதான் வந்தேன்.”

கமிஷனுக்கு வேலை செய்பவர் போலும் என்று முடிவு செய்து உட்காரச் சொன்னேன்.

“சம்பளம் கைக்கு எவ்ளோ வருது?”

“அதைச் சொல்லும் கடமை எனக்கில்லை.”

“லோன் கீன்?”

“அதுவும் அப்படியே.”

“ஊருக்கு ஏதாவது அனுப்பறீங்களா?”

“மூன்றாம் நபர் பற்றிய தகவலைத் தர இயலாது.”

“மூணாம் நபரா! ஒங்க அம்மாதானேப்பா?”

அந்தக் கேள்வியையும் நோட்டில் குறித்துக்கொண்டேன். அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார்.

“அந்த ஃப்ரிட்ஜ் சொந்தமா?”

“மாத வாடகை. நீங்கள் கைப்பற்ற முடியாது.”

“கட்டிலு?”

“அதுவும் வாடகை.”

“சொந்தமா என்னதான்பா வச்சிருக்கே?”

பெருமையுடன் என் துண்டறிக்கையை அவர் கையில் கொடுத்தேன். முழுவதும் நிதானமாகப் படித்தார். பிறகு, வெயிலில் நடந்து வந்ததாகவும் குடிக்க ஏதாவது வேண்டும் என்றும் சொன்னார். தண்ணீர் கொடுத்தேன். அவர் பார்வை மைசூர்பாகுப் பெட்டியின் மேல் சென்றது.

“அது நாளை வரப்போகும் முக்கியமானவர்களுக்கு” என்றேன்.

“ஓ! பொண்ணு வீட்டுக்காரங்களா?”

“தனிப்பட்ட தகவல் அம்மா. நான்காம் விதி.”

அவர் துண்டறிக்கையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். “சரிப்பா. நல்லா விசாரிச்சிட்டேன்.”

வெற்றிக் களிப்பில் கைப்பேசியை இயக்கினேன். அம்மாவின் பதினொரு தவறிய அழைப்புகள்.

“டேய், வசந்தியோட பெரியம்மா வந்தாங்களா? அவங்க வீட்ல ஒருத்தர் முதல் நாளே சொல்லாம வந்து பாக்கறது வழக்கமாம். இப்பதான் பொண்ணோட அப்பா சொன்னாரு. வசந்திய வளத்ததே அவங்கதான். அவங்க சரின்னாதான் எதுவும். நல்லா கவனிச்சியா?”

“தண்ணீர் கொடுத்தேன்” என்றேன்.

பிற்பகல் உண்மையான வசூல்காரர் வந்தார். விதிகளை நினைவுகூரும் நிலையில் நான் இல்லை. காபியும் மைசூர்பாகும் கொடுத்து நடந்ததையெல்லாம் கொட்டினேன். அவர் கேட்குமுன்பே சம்பளத்தையும் சொன்னேன். தொகையைக் கேட்டதும் அவர் முகம் வாடிவிட்டது. “அழாதீங்க சார். பொண்ணு வீட்ல ஃபோன் பண்ணுவாங்க” என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அதன்பின் அவரும் வரவில்லை, அழைப்பும் வரவில்லை. (என் ஏழு விதிகளும் சாதிக்காததை என் சம்பளம் சாதித்தது.)

மாலை ஆறு மணிக்குப் புதிய எண்ணிலிருந்து அழைப்பு.

“நான் வசந்தி பேசறேன். கார்டு நம்பர் சொல்லணுமா?”

உட்கார்ந்திருந்த நான் எழுந்து நின்றுவிட்டேன்.

“பெரியம்மா ஒங்க நோட்டீஸை வீட்ல எல்லாருக்கும் சத்தமா படிச்சுக் காட்டினாங்க. ரெண்டு தடவை. அப்பாவுக்குச் சிரிச்சுச் சிரிச்சு விக்கல் வந்துடுச்சு.”

“மன்னிக்க வேண்டும். நான்…”

“ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நாலாம் விதிப்படி நீங்க பதில் சொல்ல வேணாம். சாப்பிட்டீங்களா?”

காலையிலிருந்து சாப்பிடவில்லை என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். சம்பளம், பிரகாஷின் தவணை, அம்மாவுக்கு அனுப்புவது, பாயசத்தன்றே நான் எடுத்த முடிவு என்று ஒன்று விடாமல் சொன்னேன். “முதல்ல சாப்பிடுங்க. நாளைக்கு வர்றோம்” என்றாள்.

மறுநாள் பெரியம்மா எல்லோர் முன்னிலையிலும் தீர்ப்பு வழங்கினார்: “பெத்த அம்மாவையே மூணாம் நபர்னு சொல்றான். இவன எவனும் ஏமாத்த முடியாது. காபி போடத் தெரியுமான்னு மட்டும் பாத்துடுங்க.”

ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இன்றும் பெரியம்மா எங்கள் வீட்டுக்கு வந்தால் உள்ளே நுழைவதில்லை. வாசலில் நின்று பஸ் பாஸை உயர்த்திக் காட்டுவார். நான் தலையசைத்த பிறகே செருப்பைக் கழற்றுவார். எங்கள் நான்கு வயது மகள் இதை உலகெங்கும் உள்ள நடைமுறை என்று நம்பி வளர்கிறாள்.

சென்ற மாதம் பெரியம்மா பாஸை மறந்துவிட்டு வந்தார். மகள் இரு கைகளையும் விரித்து வாசலை மறித்துக்கொண்டாள்.

“கார்டு?”

“நாந்தான்டி கண்ணு. வுடுடி.”

“கார்டு!”

எவ்வளவு கெஞ்சியும் அவள் அசையவில்லை. நான் உள்ளே ஓடிக் காபி கலந்து வந்து மகளின் தலைக்கு மேலாக நீட்டினேன். பெரியம்மா வாசலில் நின்றபடியே ஒரு வாய் குடித்துவிட்டு, அவள் கன்னத்தைத் தட்டினார்.

“நீ எவ்வளவோ தேவலைடி. ஒங்கப்பன் உள்ள ஒக்கார வச்சான், இதைக் குடுக்கல.”