றப்பர் அறுந்த கதவும் தொண்ணூற்றேழு புள்ளிகளும்

எங்கள் சங்கத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். வெளியாருக்குப் பெயர் சொல்வதென்றால் அதற்கொரு படிவம் இருக்கிறது. நிரப்ப எனக்கு நேரமில்லை. மயிலிட்டிப் பக்கம், கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம். அவ்வளவு போதும்.

சங்கத்தில் ஐஸ் இயந்திரம் இருந்தது. குளிரறை இருந்தது. மீன் இருந்தது. தரம் மட்டும் இருக்கவில்லை. போன வருசம் தை மாதம் அதுவும் வந்து சேர்ந்தது. நீலக் கோப்பு பதினொன்று, கண்ணாடி போட்ட சான்றிதழ் ஒன்று, தர முகாமையாளர் ஒருவர். முகாமையாளரின் பெயர் கஜீபன். வயது இருபத்தெட்டு. யாழ்ப்பாணத்திலிருந்து மோட்டார்சைக்கிளில் வருவார். கழுத்தில் ரை கட்டியிருப்பார். மீன் வாடை ரையில் பிடித்துவிடும் என்பதால் குளிரறைப் பக்கம் போவதில்லை.

சான்றிதழைத் தக்கவைப்பதற்கு வருடத்துக்கு இரண்டு தடவை உள்ளகத் தரக் கணக்காய்வு நடக்க வேண்டுமாம். அதாவது எங்கள் குறையை நாங்களே கண்டுபிடித்து, நாங்களே எழுதி, நாங்களே திருத்தி, திருத்தியாயிற்று என்று நாங்களே கையொப்பமிட வேண்டும். எனக்கு இது நியாயமாகத்தான் பட்டது. அங்கேதான் பிழை நடந்தது.

கணக்காய்வாளர்கள் இரண்டு பேர். ஒருவன் சயந்தன், சங்கக் கந்தோரில் எழுதுவினைஞன். பீனிசக்காரன். குளிர் பட்டால் பதினைந்து தும்மல். மற்றவன் நான், நாகலிங்கம். முப்பத்தொரு வருசம் ஐஸ் இயந்திரம் ஓட்டினேன். ஓய்வு தந்த பிறகும் இயந்திரம் நின்றால் என்னைத்தான் தேடி வருவார்கள். எங்கள் இருவரையும் யாழ்ப்பாணத்தில் ஒரு ஹோட்டல் மண்டபத்துக்கு இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். முதல் நாள் மீன் றோல்ஸ். இரண்டாம் நாள் வெள்ளிக்கிழமை, ஆகவே மரக்கறி றோல்ஸ். பயிற்சியில் எனக்கு நினைவிருப்பது இவ்வளவும்தான்.

அந்த நேரம் குளிரறைக் கதவின் கீழ்ப்பக்க றப்பர் ஒரு முழத்துக்கு அறுந்து போயிருந்தது. கதவு பொருந்தாது. சாத்தினால் தானாக விலகும். குளிர் வெளியே, வெக்கை உள்ளே. மீனைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்குகிற ஜெயகௌரிதான் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். பின்னேரம் வேலை முடிய, கூட்ட மண்டபத்தில் ஆட்கள் இருக்கிற நீள வாங்கை இழுத்துவந்து கதவுக்கு முண்டு கொடுப்பாள். வாங்குக்கு மேல் இரண்டு உப்பு மூட்டை. அரைவாசிக் குளிராவது மிஞ்சும்.

அப்படியும் ஒரு நாள், எங்களிடம் மீன் வாங்குகிற கொழும்புக் கம்பனியின் லொறிக்காரன் மீனை விரலால் அமத்திப் பார்த்தான். பள்ளம் விழுந்தது விழுந்தபடி இருந்தது. எட்டுப் பெட்டியையும் திருப்பி இறக்கிவிட்டுப் போனான். அடுத்த நாள் ஜெயகௌரிக்குக் கடிதம். காரணம்: கையாளல் தவறு. மூன்றாவது கடிதத்தோடு வேலை முடியும் என்று கீழே எழுதியிருந்தது. அந்த வேலையில்தான் அவளுடைய இரண்டு பிள்ளைகளும் படிக்கிறார்கள்.

"அண்ணை, நீங்கள் இப்ப கணக்காய்வாளர்தானே. உந்தக் கதவைப் பற்றி ஒரு வரி எழுதிவிடுங்கோவன்" என்றாள்.

"ஒரு வரி என்ன, நாலு வரி எழுதிறன், பிள்ளை."

எழுதினேன். சித்திரை மாதக் கணக்காய்வு. கதவடிக்குப் போனேன், குனிந்தேன், கையை வைத்துப் பார்த்தேன், நிமிர்ந்தேன். நாலு நிமிடம். அதில் இரண்டு நிமிடம் நிமிர்வதற்கு. அறிக்கை இது: 'குளிரறைக் கதவின் றப்பர் அறுந்திருக்கிறது. குளிர் வெளியே போகிறது. மீன் பழுதாகிறது. புது றப்பர் போடவும்.'

கஜீபன் அதை இரண்டு தரம் வாசித்தார். பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார்.

"ஐயா, இது அறிக்கையில்லை."

"பின்னை?"

"தகவல்."

"தகவல் உண்மைதானே, தம்பி?"

"உண்மை வேறை, ஆதாரம் வேறை, ஐயா. குளிர் வெளியிலை போகுது எண்டு எப்பிடிக் கண்டனீங்கள்?"

"கையை வைச்சுப் பாத்தன்."

"கை அளவீட்டுக் கருவியோ? உங்கடை கைக்கு அளவுத்திருத்தச் சான்றிதழ் இருக்கோ?"

இல்லைத்தான். சங்கத்தில் சான்றிதழ் உள்ளது ஒரேயொரு வெப்பமானி. பழுதாகிவிடும் என்று அதைக் கந்தோர் அலுமாரியில் பூட்டி வைத்திருந்தார்கள். அலுமாரிக்குள் அது எந்த நேரமும் முப்பத்தொரு பாகை காட்டும். குளிரறைப் பதிவேட்டில் தினமும் இரண்டு பாகை. கார்த்திகைப் புயலுக்கு மூன்று நாள் மின்சாரம் இருக்கவில்லை. அந்த மூன்று நாளும் இரண்டு பாகை. தீபாவளிக்குச் சங்கம் பூட்டு. அன்றைக்கும் இரண்டு பாகை, நேரம் காலை எட்டரை, கையொப்பம் சகிதம்.

"பதிவேடு இரண்டு பாகை எண்டு சொல்லுது. நீங்கள் இல்லையெண்டு சொல்லுறியள். பதிவேட்டுக்குக் கையொப்பம் இருக்கு" என்றார் கஜீபன். பிறகு குரலைத் தணித்தார். "ஐயா, குறை நினைக்கக் கூடாது. உங்கடை தேர்ச்சியையும் மதிப்பிடவேணும்."

கணக்காய்வாளர் தேர்ச்சி மதிப்பீட்டுப் படிவம் ஆறு பக்கம். அவர் கேட்டார், நான் சொன்னேன்.

"ஆரம்பக் கூட்டம் வைச்சனீங்களோ?"

"ஆரோடை?"

"கணக்காய்வுக்கு உட்படுற தரப்போடை."

"கதவோடையோ?"

சைபர் போட்டார்.

"கண்ட நல்ல அம்சம் ஒண்டு சொல்லுங்கோ."

"கதவு நல்லாத் திறக்குது."

அதற்கு இரண்டு புள்ளி கிடைத்தது.

"கணக்காய்வின்போது ஆராவது மனம் புண்பட்டவையோ?"

"மீனைக் கேக்கிறியளோ?"

மொத்தம் முப்பத்தொன்று. சயந்தனுக்குத் தொண்ணூற்றாறு. அவன் கதவைத் திறக்கவே இல்லை. கட்டிடத்து யன்னலுக்கு வெளியே நின்று ஒன்பது படம் எடுத்து, இருபத்தாறு பக்கத்தில் நிறம் நிறமாக அட்டவணை போட்டிருந்தான்.

"உங்களை ஆர் மதிப்பிடுறது, தம்பி?" என்று கேட்டேன்.

"கொழும்பிலை ஒரு நிபுணர், ஐயா. சூமிலை."

"மீனைப் பற்றித் தெரிஞ்சவரோ?"

"அவர் மரக்கறி."

சயந்தனின் இருபத்தாறு பக்கத்திலும் ஒரேயொரு குறைதான் இருந்தது. கூட்ட மண்டபத்துக்குரிய வாங்கு, பொருட்பதிவேட்டுக்கு முரணாகக் குளிரறை வாசலில் காணப்படுகிறது. நல்ல குறை. படம் இருந்தது, பதிவேடு இருந்தது, வாங்கில் இலக்கமும் இருந்தது. இருபத்துநாலு மணித்தியாலத்துக்குள் வாங்கை மண்டபத்துக்குக் கொண்டுபோய்ப் போட்டார்கள். உப்பு மூட்டைகள் உப்புக் களஞ்சியத்துக்குப் போயின. குறை திருத்தப்பட்டது, கோப்பு மூடப்பட்டது. கதவு திறந்தது.

அடுத்த லொறியில் பத்துப் பெட்டி திரும்பியது. ஜெயகௌரிக்கு இரண்டாவது கடிதம்.

கடிதம் சும்மா கொடுக்கவில்லை. மூல காரணம் ஆராய்ந்துதான் கொடுத்தார்கள். அதற்கொரு முறை இருக்கிறது. ஐந்து தரம் 'ஏன்' கேட்க வேண்டும். மீன் ஏன் பழுதானது? வெக்கை. ஏன் வெக்கை? கதவு திறந்திருந்தது. ஏன் திறந்திருந்தது? சாத்தியிருக்கவில்லை. ஏன் சாத்தியிருக்கவில்லை? ஒருவரும் சாத்தவில்லை. ஏன் ஒருவரும் சாத்தவில்லை? கடைசியாகப் போனது ஜெயகௌரி. ஆறாவது 'ஏன்' கேட்டிருந்தால் றப்பர் வந்திருக்கும். படிவத்தில் ஐந்து கட்டந்தான்.

திருத்த நடவடிக்கையாகக் கதவில் ஒரு அறிவித்தல் ஒட்டினார்கள். 'கதவை மூடி வைக்கவும்.' சிங்களம், தமிழ், ஆங்கிலம். கதவுக்கு மூன்று பாசையும் தெரியாது.

நான் கஜீபனிடம் போனேன். "தம்பி, ஒரு றப்பர் வாங்க என்ன செய்யவேணும்?"

"பெரிய இணங்காமை, அதாவது பெரிய குறை எண்டு எழுதினால் சங்கத் தலைவரின்ரை மேசைக்குப் போகும், ஐயா. அவர் வாங்கித்தான் ஆகவேணும். ஆனால் அதைத் தேர்ச்சி பெற்ற கணக்காய்வாளர்தான் எழுதலாம்."

"சயந்தன் எழுதட்டுமே."

"அவர் கதவுக்குக் கிட்டப் போகேலாதே, தும்மல்."

ஆகவே நான் தேற வேண்டியதாயிற்று. அறுபத்தேழு வயதில் சயந்தனுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு அறிக்கை எழுதப் பழகினேன். உடைந்தது என்று எழுதக் கூடாது. 'மேம்படுத்துவதற்கான வாய்ப்பு அவதானிக்கப்பட்டது' என்று எழுத வேண்டும். மீன் மணக்கிறது என்று எழுதக் கூடாது. 'உற்பத்திப் பொருளின் புலனுணர்வுப் பண்புகளில் விலகல்' என்று எழுத வேண்டும். நான் பார்த்தேன் என்பது குற்றம். 'பார்க்கப்பட்டது' என்றால் ஆதாரம். முதலில் எரிச்சலாக இருந்தது. இரண்டு கிழமையில் கை ஓடத் தொடங்கியது. ஒரு நாள் வீட்டில் புளி கூடின குழம்பைப் பற்றி ஒரு அவதானிப்புச் சொன்னேன். மனுசி சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டா.

நான் படித்துக்கொண்டிருந்த காலத்தில் ஜெயகௌரி படிக்கவில்லை. வீட்டிலிருந்து பழைய சைக்கிள் ரியூப் ஒன்று கொண்டுவந்தாள். நீளமாகக் கிழித்தாள், கழுவினாள், கதவின் கீழ் விளிம்பில் பசை பூசி ஒட்டிச் சின்ன ஆணி ஆறு அடித்தாள். தேத்தண்ணி நேரத்துக்குள் வேலை முடிந்தது. கதவு 'டப்' என்று சாத்திக்கொண்டது. மீன் கல்லு மாதிரி இருந்தது. ஏழு கிழமை லொறி வந்தது, ஏற்றியது, போனது. ஒரு பெட்டி திரும்பவில்லை.

ஆவணி மாதம் அடுத்த கணக்காய்வு. நான் முன்னால், தேர்ச்சிப் படிவத்தோடு கஜீபன் பின்னால். ரைக்கு மேல் ஒரு பொலித்தீன் பை கட்டியிருந்தார். ஆரம்பக் கூட்டம் வைத்தேன். நல்ல அம்சம் ஏழு கண்டேன். பதிவேட்டில் எல்லா நாளும் இரண்டு பாகை இருப்பதைப் பாராட்டினேன். பத்துப் பக்கம் நிறைந்தது. பதினோராம் பக்கம் இணங்காமைக்குரியது. அது வெறுமையாக இருந்தது.

குறை காணாத கணக்காய்வாளர் தேர்ச்சியற்றவர். அது படிவத்திலேயே இருக்கிறது. கதவைப் பார்த்தேன். நன்றாகச் சாத்தியிருந்தது. குனிந்தேன். கறுப்பாக ரியூப் தெரிந்தது.

"உதை ஆர் போட்டது?"

"நான்தான், அண்ணை" என்றாள் ஜெயகௌரி. சந்தோசமாகத்தான் சொன்னாள்.

"ஆர் அனுமதி தந்தது?"

நான் பகிடி விடுகிறேனோ என்று முகத்தைப் பார்த்தாள். "நீங்கள்தானே சித்திரையிலை சொன்னனீங்கள், றப்பர் போடவேணும் எண்டு."

"எழுத்திலை இருக்கோ?"

"உங்கடை அறிக்கையிலை இருக்கே."

"அது அறிக்கையில்லை, பிள்ளை. தகவல்."

எனக்குப் பின்னால் கஜீபனின் பேனை ஓடுகிற சத்தம் கேட்டது. நல்ல சத்தம். என் கையும் ஓடியது. 'உணவுப் பகுதியில் அங்கீகரிக்கப்படாத பொருள் பொருத்தப்பட்டுள்ளமை பார்க்கப்பட்டது. கொள்வனவுப் பதிவு இல்லை. பொருத்தியவரின் தேர்ச்சி மதிப்பிடப்பட்டிருக்கவில்லை. வகை: பெரிய இணங்காமை.' அறிக்கை மொத்தம் பதினாலு பக்கம். அட்டவணை நிறத்தில்.

தொண்ணூற்றேழு. சயந்தனை விட ஒன்று கூட. கஜீபன் எழும்பி நின்று கை தந்தார்.

பெரிய இணங்காமை தலைவரின் மேசைக்குப் போனது. அறிக்கையின் சொல் மாறாமல் அவர் நடவடிக்கை எடுத்தார். இருபத்துநாலு மணித்தியாலத்துக்குள் ரியூப் கழற்றப்பட்டது. புது றப்பர் வாங்க மூன்று இடத்தில் விலை கேட்கக் கடிதம் போனது. அது இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. ரியூப் கழன்றதை உறுதிப்படுத்தி நான் கையொப்பமிட்டேன்.

நாலாம் நாள் பன்னிரண்டு பெட்டி திரும்பியது. மூல காரணக் குழுவுக்கு இம்முறை தலைவர் நான். என்னை விடப் புள்ளி கூடியவன் வேறு ஆள் இல்லை. ஐந்து கட்டத்தையும் நான்தான் நிரப்பினேன். நாலாவது கட்டத்தில் கொஞ்ச நேரம் பேனை நின்றது. ஆறாவது கட்டம் ஒன்றைக் கீழே கீறலாமா என்று யோசித்தேன். படிவத்தில் மாற்றம் செய்வதானால் அதற்கு வேறு படிவம். ஐந்தாவது கட்டத்தில் அவள் பெயரை எழுதினேன்.

ஜெயகௌரி மூன்றாவது கடிதத்தை வாங்கினாள். வாசித்தாள். "வடிவா எழுதியிருக்கிறியள், அண்ணை" என்றாள். கையுறையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் போனாள். கையுறை ஒப்படைப்புப் படிவத்தில் கையெழுத்து வாங்க நான் பின்னால் ஓடினேன்.

அதற்குப் பிறகு கம்பனி லொறி வருவதில்லை. மீனவர்களும் சங்கத்துக்கு மீன் கொண்டுவருவதில்லை. குளிரறை வெறுமை. ஆனபடியால் அந்தக் காலாண்டில் திருப்பி அனுப்பப்பட்ட மீன்: சைபர். சங்கத்தின் தர இலக்கு முதற்தடவையாக நூறு வீதம் எட்டப்பட்டது. கொழும்பு நிபுணர் சூமில் பாராட்டினார். விழா வைத்தோம். தலைவர் பேசினார், நான் பேசினேன். மீன் கெட்ட மீனவர்களும் வந்திருந்தார்கள், எல்லோரும் கை தட்டினார்கள். றோல்ஸ் இருந்தது.

விழா முடிந்து, வீட்டுக் கறிக்கு மீன் வாங்கப் போனோம். துறைமுக வாசலுக்கு வெளியே ஐஸ் போட்ட வெள்ளை றெஜிபோம் பெட்டி வைத்து ஒருத்தி மீன் விற்கிறாள். ஊர் மீனெல்லாம் இப்போது அவளிடந்தான் போகிறது. முன்னுக்குத் தலைவரின் மனுசி நின்றா. அதற்குப் பிறகு சயந்தன், பிறகு நான். எனக்குப் பின்னால், ரையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, கஜீபன்.

என் முறை வந்தது. ஜெயகௌரி ஒரு பாரையைத் தூக்கிக் காட்டினாள்.

"நல்லதோ?" என்று கேட்டேன். வாய் பழகிவிட்டது.

அவள் கோபிக்கவில்லை. செதிலைத் துடைத்துக்கொண்டே, "எழுதித் தரவோ, அண்ணை?" என்றாள்.

"வேண்டாம், பிள்ளை" என்றேன்.

கஜீபன் தனக்கு வேண்டும் என்றார். திகதியும் போடச் சொன்னார்.