க்ளென்னுக்கு வயசு குறைந்த நாள்

பதினாறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குச் சமூக ஊடகம் கிடையாது என்று ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில் சட்டம் போட்டாலும் போட்டார்கள், ஜீலாங்கில் பழைய ஃப்ரிட்ஜ் வாங்கி விற்கும் க்ளென் தன்னைத்தானே போலீஸ் கமிஷனராக நியமித்துக்கொண்டான்.

"இந்த வீட்டுல இனிமே சட்டம்தான் பேசும்!" மேஜையில் ஓங்கி ஒரு குத்து. தக்காளி சாஸ் பாட்டில் உருண்டது. "டில்லி! உனக்குப் பதினாலு வயசு. மூடு கணக்கை!"

மகள் அழுவாள், கதவை உடைப்பாள் என்று தொண்டையைத் தீட்டி வைத்திருந்தான்.

"நேத்தே மூடியாச்சுப்பா," என்றாள் டில்லி. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கடலில் குளிக்கப் போய்விட்டாள்.

எதிராளி இல்லாத சண்டை அவனுக்குப் பழக்கமில்லை. குழம்பிப் போனான்.

மனைவி லியான் மட்டும் கேட்டாள். "அப்ப உன் கணக்கு?"

"எனக்கு நாப்பத்தொம்போது வயசு!"

"எனக்குத் தெரியும். சட்டத்துக்குத் தெரியுமா?"

அந்தச் சனிக்கிழமை, மதுக்கடை நடத்தும் பேரி க்ளென்னின் விற்பனைப் பக்கத்தில் வந்து மாட்டினான். கொட்டகையை அடைத்துக்கொண்டு நிற்கும் கண்ணாடிக் கதவு ஃப்ரிட்ஜுக்கு அவன் பாதி மனசோடு விலை கேட்டிருந்தான். அது விற்றால்தான் வீட்டில் கிறிஸ்துமஸ். ஆனால் வாங்க வருகிறவனைத் திட்டாமல் க்ளென்னுக்கு விற்க வராது. 'உன் மூளையை எந்த ஃப்ரிட்ஜில வச்சிருக்கே' என்று அவனுக்குப் போனில் தட்டிக்கொண்டிருந்தபோதே திரை வெள்ளையானது.

"நீங்கள் பதினாறு வயதுக்குட்பட்டவர் எனப் புகார் வந்துள்ளது. முகத்தைக் காட்டவும்."

காட்டினான். "வயதை உறுதிசெய்ய இயலவில்லை."

"நாப்பத்தொம்போதுடா! சரி, முப்பது போட்டுக்க. இருபத்தஞ்சு? பதினெட்டு! இதுக்குக் கீழே கட்டாது!"

"மூஞ்சி எங்கே தெரியுது? முழுக்கத் தாடி," என்றாள் லியான். "போய் மழிச்சிட்டு, தேய்ச்சுக் குளிச்சிட்டு வா. ஆளாத் தெரிவே."

நியாயமாகத்தான் பட்டது. குளியலறைக்குள் போனவன் தோல் சிவக்கச் சிவக்க மழித்து, பளபளவென்று வந்து நின்றான்.

"பதினாறுக்குக் குறைவு எனத் தெரிகிறது."

"லியான்! அப்ப நம்ம கல்யாணம்? இந்தப் பொண்ணு?"

ஈரத் தலையோடு திரும்பியிருந்த டில்லி அவன் கன்னத்தைத் தட்டினாள். "கவலைப்படாதேப்பா. ரெண்டு பேரும் சேர்ந்தே பெரியவங்க ஆவோம்."

"டிரைவிங் லைசென்ஸைக் காட்டினாத் திறக்குமே," என்றாள் லியான், கேரட் நறுக்கியபடி.

"இதை முதல்லயே சொல்றதுக்கு என்ன?"

"நீ என்னையா கேட்டே? போனைத்தானே கேட்டே."

லைசென்ஸைக் காட்டினான். கணக்கு திறந்தது. பேரியின் செய்தி காத்திருந்தது: 'ஃப்ரிட்ஜ் வந்து சேர்ந்தது. கேட்ட விலையைக் கொடுத்துவிட்டேன். உன் மனைவி மரியாதையாகப் பேசியதற்காக.'

கொட்டகைக்கு ஓடினான். ஃப்ரிட்ஜ் நின்ற இடத்தில் சதுரமாகத் தூசி. திரும்பி ஓடி வந்தான்.

"எப்படி வித்தே?"

"நீ குளிக்கப் போனே. நான் பேரிக்குப் போன் பண்ணேன். வண்டியோட வந்து தூக்கிட்டுப் போயிட்டான்."

க்ளென்னுக்கு மெல்ல ஏதோ உறைத்தது. "அப்ப... அந்தப் புகார்?"

லியான் கத்தியைக் கழுவி வைத்தாள்.

"பெரியவங்க வியாபாரம் பேசறப்போ சின்னப் பிள்ளைங்களை வெளியே அனுப்பணும்ல?"